‘இதயத்தில் ஓட்டை’ என்றால் உண்மையில் என்ன? பச்சிளங்குழந்தைகளின் இதயக் குறைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

“ஹார்ட்ல ஓட்டைன்னு சொல்லித்தான் ஓசூர்ல இருந்து இங்க அனுப்பினாங்க. இங்க வந்தா, ஓட்டை சின்னதா இருக்கு, பெருசு பண்ணணும்கிறாங்க. இது எந்த ஊர் நியாயம்?”

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வெளியே ஒரு பாட்டி என்னிடம் கேட்டது இது. உள்ளே அவருடைய பேரன். பிறந்து இரண்டே நாள். மகள் ஓசூரில் பிரசவ வார்டில், சிசேரியன் தையலோடு. மருமகன் கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பிடித்துக்கொண்டு, போடலாமா கூடாதா என்று பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்ததால் கன்னடமும் தமிழும் எனக்கு ஒன்றுபோல வரும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு, டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லப் போவேன். இப்படிப் பல வருடம் போய், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நர்ஸ் கன்னடத்தில் “ஹார்ட்டல்லி தூத்து இதெ” என்பார். வீட்டில் “ஹார்ட்ல ஓட்டை” என்பார்கள். குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் எந்தக் குறை இருந்தாலும் இந்த ஒரே சொல்தான். ஆனால் பிறவி இதயக் குறைகளில் பல டஜன் வகைகள் உண்டு. சிலவற்றில் ஓட்டைதான் நோய். சிலவற்றில் ஓட்டையே கிடையாது. இன்னும் சிலவற்றில் அந்த ஓட்டை ஒன்றுதான் குழந்தையை உயிரோடு வைத்திருக்கிறது. பாட்டியின் பேரனுக்கு இந்த மூன்றாவது வகை.

இரண்டு மோட்டார், ஒரு ஃபில்டர்

பெங்களூரில் வீடு கட்டினால் தரைக்கு அடியில் சம்ப் என்ற தொட்டி, மேலே இன்னொரு தொட்டி, நடுவில் ஒரு மோட்டார். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் சம்ப்பில் நிரப்பி மேலே ஏற்றிக்கொள்வோம். இதில் சின்ன மாற்றம் செய்து ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த வீட்டுக்குப் புதுத் தண்ணீர் வருவதே இல்லை. இருக்கிற தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

அதற்கு இரண்டு மோட்டார்கள், நடுவில் ஒரு சுவர். வீடு முழுக்கப் பயன்படுத்திய தண்ணீர் வலது பக்கத் தொட்டிக்கு வருகிறது. வலது மோட்டார் அதை ஃபில்டருக்குத் தள்ளுகிறது. ஃபில்டரில் சுத்தமான தண்ணீர் இடது பக்கத் தொட்டிக்கு வருகிறது. இடது மோட்டார் அதை வீட்டின் எல்லாக் குழாய்களுக்கும் தள்ளுகிறது. பயன்படுத்திய பிறகு மறுபடியும் வலது தொட்டி. இப்படியே சுற்று.

இதயம் இதுதான். ஃபில்டர் நுரையீரல். தொட்டிகள் இரண்டும் இதயத்தின் மேலறைகள். மோட்டார்கள் இரண்டும் கீழறைகள். வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்க்கு நுரையீரல் தமனி என்று பெயர். இடது கீழறையிலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய குழாய் பெருந்தமனி. இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு உடற்கூறு போதும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். “கெட்ட ரத்தம், நல்ல ரத்தம்” என்று பலர் சொல்வார்கள். ரத்தம் கெடவில்லை. உடம்பைச் சுற்றி வந்ததால் அதில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, குறைந்தது கறுஞ்சிவப்பு. தோலுக்கு அடியில் அது நீலம் பாரித்துத் தெரியும்.

அளவையும் மனதில் வையுங்கள். பிறந்த குழந்தையின் இதயம் அதன் மூடிய கைப்பிடி அளவு. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான்.

இதுவரை பார்த்தது: இதயம் இரண்டு மோட்டார்கள் கொண்ட ஒரே சுற்று. வலது பக்கம் ஃபில்டருக்கு, இடது பக்கம் வீட்டுக்கு. இந்த வரிசை எங்கே தவறுகிறது என்பதுதான் ஒவ்வொரு இதயக் குறையின் கதையும்.

ஓட்டை இல்லாமல் யாரும் பிறப்பதில்லை

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலில் காற்றுக்குப் பதில் நீர்மம் நிறைந்திருக்கும். ஃபில்டர் வேலையை அம்மாவின் நச்சுக்கொடி பார்த்துக்கொள்கிறது. எனவே நுரையீரலுக்கு நிறைய ரத்தம் அனுப்பிப் பயனில்லை. அதைத் தாண்டிப் போக இரண்டு குறுக்கு வழிகளோடுதான் நாம் எல்லோருமே வளர்ந்தோம்.

ஒன்று, மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு துளை. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு மாதிரி இருக்கும். மற்றொன்று, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் நேரடியாக இணைக்கும் சிறு குழாய். இதை டாக்டர்கள் டக்டஸ் என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

மெட்ரோ வேலை நடக்கும்போது பெரிய ரோட்டை அடைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு டைவர்ஷன் விடுவார்களே, அந்த மாதிரி. பெரிய ரோடு திறந்ததும் டைவர்ஷனை மூடிவிடுவார்கள். குழந்தை பிறந்து வீல் என்று அழுததும் நுரையீரல் விரிகிறது. அங்கே ரத்தம் பாய்ந்து, இடது மேலறைக்குத் திரும்பி வந்து நிறைகிறது. அந்த அழுத்தத்தில் மடிப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதாலும், நச்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நின்றுபோவதாலும் டக்டஸ் சுருங்கத் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அது மூடிவிடும்.

அந்த மடிப்புக் கதவு நான்கில் ஒருவருக்கு முழுதாக ஒட்டாமலே இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. எக்கோ ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காத பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். எக்கோ என்பது வயிற்றை ஸ்கேன் செய்வது போல ஒலி அலையால் இதயத்தைப் படம் பார்க்கும் சோதனை. ஊசி கிடையாது, வலிக்காது.

ஓட்டை மட்டும்தான் பிரச்சினை என்றால்

சரி, இப்போது உண்மையான ஓட்டைகளுக்கு வருவோம். கீழறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஓட்டைதான் இவற்றில் அதிகம் காணப்படுவது. மேலறைச் சுவரில் இருக்கலாம். டக்டஸ் மூடாமலே நின்றுவிடலாம். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: இடது பக்கத்தின் அழுத்தம் அதிகம் என்பதால், சுத்தமான தண்ணீரில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகாமல் மறுபடியும் ஃபில்டருக்கே போகிறது. மோட்டாருக்கு வேலை இரட்டிப்பு.

சிறிய ஓட்டைகள், முக்கியமாகக் கீழறைச் சுவரின் தசைப்பகுதியில் உள்ளவை, பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். அதனால்தான் டாக்டர் “ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்கிறார். அலட்சியத்தில் சொல்வதில்லை அது.

பெரிய ஓட்டை இருக்கும் குழந்தை பிறந்த வாரத்தில் நன்றாகவே இருக்கும். நுரையீரலின் அழுத்தம் மெல்ல மெல்லக் குறைய, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில்தான் ஓட்டை வழியே ரத்தம் வேகமாகப் பாயும். அப்போதுதான் தெரியவரும். குழந்தை பால் குடிக்கும்போது நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். இரண்டு வாய் குடிப்பதற்குள் களைத்து விட்டுவிடும், திரும்பத் தேடும். விலா ஒட்டி ஒட்டி மூச்சு வாங்கும். எடை ஏறாது. “சோம்பேறிப் புள்ள, பால் குடிக்கத் தெரியல” என்று வீட்டில் சொல்வது இதைத்தான். மார்கழிக் குளிரில் பால் குடிக்கும் குழந்தைக்கு வியர்த்தால், சோம்பல் என்று விடாதீர்கள், காட்டுங்கள்.

சில ஓட்டைகளைத் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குடை மாதிரி விரியும் ஒரு சிறு கருவியால் அடைத்துவிடலாம். சிலவற்றுக்கு ஆபரேஷன் வேண்டும். “பெரியவனானதும் பார்த்துக்கலாம்” என்று பெரிய ஓட்டையை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகிவிடும். அப்புறம் ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். டாக்டர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். தேதி சொன்னால் அந்தத் தேதியைத் தள்ளாதீர்கள்.

குழாய் மாறிப் பிறந்த குழந்தை

இப்போது பாட்டியின் பேரன்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு மோட்டார்களும் நன்றாக வேலை செய்தன. ஃபில்டரும் சரியாக இருந்தது. ஆனால் மோட்டாரிலிருந்து வெளியே போகும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பொருந்திவிட்டன. வலது மோட்டாரிலிருந்து ஃபில்டருக்குப் போக வேண்டிய தண்ணீர் நேராக வீட்டுக்கே போகிறது. இடது மோட்டாரிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டிய சுத்தமான தண்ணீர் மறுபடியும் ஃபில்டருக்கே போகிறது. ஒரு சுற்றாக இருக்க வேண்டியது இரண்டு தனித்தனிச் சுற்றாகிவிட்டது. வீட்டில் அழுக்குத் தண்ணீரே சுற்றுகிறது. ஃபில்டரில் சுத்தத் தண்ணீரே சுற்றுகிறது. ஒன்றை ஒன்று சந்திப்பதே இல்லை.

பெருந்தமனிகள் இடமாற்றம் என்று இதைச் சொல்லலாம். மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பிறப்புகளில் ஒன்று இப்படி அமைகிறது.

நடுச்சுவரில் ஓட்டையே இல்லாவிட்டால் இந்தக் குழந்தை பிழைக்காது. அந்த மடிப்புக் கதவு வழியாகவும் டக்டஸ் வழியாகவும் இரண்டு தண்ணீரும் கொஞ்சம் கலக்கின்றன. அந்தக் கலப்பில்தான் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இயற்கை அந்த இரண்டையும் மூடப் பார்க்கிறது. டாக்டர் மூடவிடாமல் பெரிதாக்கப் பார்க்கிறார்.

பாட்டிக்கு டாக்டர் இதைப் படம் போட்டே காட்டினார். ஒரு பழைய லேப் ரிப்போர்ட்டைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றுக்குள் நீலப் பேனாவால் கோடு, மற்றொன்றுக்குள் சிவப்புப் பேனாவால் கோடு. இரண்டு வட்டமும் ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதன் மேல் பேனாவை மூன்று நான்கு முறை தேய்த்து அகலமாக்கினார். பாட்டி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “அப்ப இந்தச் சந்துதான் அவனுக்குச் சோறு போடுது” என்றார். மருமகன் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டையை எப்படிப் பெரிதாக்குகிறார்கள்? நுனியில் சின்ன பலூன் உள்ள மெல்லிய குழாயைத் தொடை வழியாகவோ தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாகவோ வலது மேலறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து அந்தச் சிறு துளை வழியாக இடது மேலறைக்குள் நுழைத்து, பலூனை ஊதி, வெடுக்கென்று இழுக்கிறார்கள். சுவரின் மெல்லிய பகுதி கிழிந்து வழி அகலமாகிறது. 1966-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராஷ்கைண்ட் என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறை இது. சரியாக நடந்தால் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு கண்ணெதிரே ஏறும்.

இது தற்காலிக ஏற்பாடுதான். நிரந்தரச் சிகிச்சை, இடம் மாறிய இரண்டு குழாய்களையும் வெட்டி, சரியான இடத்தில் மாற்றித் தைப்பது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஜாட்டேனே என்ற அறுவை மருத்துவர் 1975-இல் இதை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். பெரிய குழாய்களை மாற்றினால் மட்டும் போதாது. இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்களையும் கூடவே பெயர்த்து நட வேண்டும். அவற்றின் குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அனுபவமுள்ள மையங்களில் இன்று இந்த ஆபரேஷன் முடிந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இதற்குக் காலக்கெடு உண்டு. பொதுவாக முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்த நுரையீரலுக்கே தள்ளிப் பழகிவிட்டால் இடது மோட்டாரின் தசை மெலிந்துபோகும்; பிறகு உடம்பு முழுக்கத் தள்ளும் பலம் அதற்கு இருக்காது. “முப்பது கழியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்ல இங்கே இடமில்லை.

சுருக்கமாக: இந்தக் குழந்தைக்கு நோய், குழாய் மாறியது. ஓட்டை, சிகிச்சை வரும்வரை தாங்கிப் பிடிக்கும் கை.

டைவர்ஷனை மூடக்கூடாத குழந்தைகள்

பெரிய ரோட்டில் பாலத்தின் ஒரு கண்ணே கட்டப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் டைவர்ஷனை மூடினால் என்ன ஆகும்? சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வால்வு அடைத்தே பிறந்துவிடும். சில குழந்தைகளுக்குப் பெருந்தமனி ஓரிடத்தில் மிகக் குறுகியிருக்கும், அல்லது அறுந்தே இருக்கும். டக்டஸ் திறந்திருக்கும்வரை ரத்தம் அந்த வழியாகச் சுற்றிப் போய்விடும். குழந்தை நன்றாக இருப்பது போலவே தெரியும், வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். டக்டஸ் மூடுகிற அன்று நிலைமை தலைகீழாகும். நேற்று வரை பால் குடித்த குழந்தை இன்று துவண்டு, உடம்பு சில்லிட்டு, சாம்பல் நிறமாகும். கிருமித் தொற்று என்றுதான் முதலில் நினைப்பார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இங்கேதான் முன்பு சொன்ன புரோஸ்டாகிளாண்டின் வருகிறது. நச்சுக்கொடியிலிருந்து வந்து டக்டஸைத் திறந்துவைத்திருந்த அதே பொருளை, மருந்தாகச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றினால் டக்டஸ் மறுபடியும் விரியும். 1970-களின் நடுவிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் இந்த மருந்து, ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் போய்ச்சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்கிறது. ஆனால் சில குழந்தைகளுக்கு இந்த மருந்தால் மூச்சு திடீரென்று நின்றுபோகலாம். அதனால் ஆம்புலன்சில் கூடவே டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ இருக்க வேண்டும். சொந்தக் காரில் மடியில் போட்டுக்கொண்டு சில்க்போர்டு டிராபிக்கில் வருவதும், இப்படி வருவதும் ஒன்றல்ல.

டக்டஸ் எவ்வளவு முக்கியம் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஹெலன் டௌசிக் என்ற பெண் மருத்துவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்தே இதயத்தின் போக்கை உணர்வார். நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகப் போவதால் நீலம் பாரித்த குழந்தைகளில், டக்டஸ் மூடாதவர்கள் தாக்குப்பிடிப்பதையும் மூடியவர்கள் மோசமாவதையும் கவனித்தார். அப்படியானால் செயற்கையாக ஒரு டக்டஸ் செய்து வைத்தால் என்ன என்று கேட்டார். கைக்குப் போகும் ஒரு தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார் பிளாலாக் என்ற அறுவை மருத்துவர். 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஒரு பதினைந்து மாதக் குழந்தைக்கு.

அன்று பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, எந்தத் தையல் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். அந்த முறையைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கியவரே அவர்தான். கல்லூரிக்குப் போக வசதியில்லாத கறுப்பினத் தொழில்நுட்பப் பணியாளர். பல பத்தாண்டுகள் அந்தச் சிகிச்சை மற்ற இருவரின் பெயரோடு மட்டுமே வழங்கியது. இப்போது அவர் பெயரையும் சேர்த்து பிளாலாக்–தாமஸ்–டௌசிக் என்று சொல்கிறார்கள். இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்வேன். ஒரு புதிய வழியைத் திறந்துவிடுவதே வைத்தியமாக இருக்க முடியும் என்று எண்பது வருடங்களுக்கு முன்பே காட்டியவர்கள் இவர்கள்.

இன்னும் இரண்டு அரிய குறைகள்

ஒன்றில், ஃபில்டரிலிருந்து இடது தொட்டிக்கு வர வேண்டிய குழாய்கள் அங்கே வராமல், வழி தப்பி வலது பக்கமே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. போகும் வழியில் அடைப்பும் இருந்தால் பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறும். எக்ஸ்ரேயில் நுரையீரல் வெண்மையாகத் தெரிவதால் நிமோனியா என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. உடனே ஆபரேஷன் செய்து குழாய்களை இடது மேலறையோடு சேர்த்துத் தைக்க வேண்டும். வேறு வழியில்லை.

மற்றது மிகக் கடினமானது. இடது மோட்டாரே வளராமல் பிறப்பது. உடம்புக்குத் தள்ளும் வேலையையும் வலது மோட்டாரே ஏற்க வேண்டும். அதற்கு மூன்று கட்ட ஆபரேஷன்: பிறந்த முதல் வாரங்களில் ஒன்று, நான்கு முதல் ஆறு மாதத்தில் ஒன்று, இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒன்று. முடிவில், மோட்டாரின் உதவி இல்லாமலே ரத்தம் நேராக நுரையீரலுக்குப் போகும்படி செய்துவிடுவார்கள். இது குணமாக்குவதல்ல. ஒரே மோட்டாரோடு வாழ வழி செய்வது. இந்தக் குறையோடு குழந்தை பிறந்தால், என்ன முடிவெடுப்பது என்று குடும்பத்தோடு டாக்டர்கள் நீண்ட நேரம் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சின்போது பெற்றோரை அவசரப்படுத்தும் சொந்தக்காரர்கள் தயவுசெய்து வெளியே இருங்கள்.

நீலத்தைக் கண்ணால் தேடாதீர்கள்

“நீலமாகவே இல்லையே” என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பதுகளுக்கு இறங்கும்வரை கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. நம் மாநிறத் தோலில் இன்னும் கடினம். குழந்தையின் கை, கால் மட்டும் நீலமாக இருப்பது முதல் சில நாள்களில் இயல்பு. பார்க்க வேண்டிய இடம் நாக்கும், உதட்டின் உட்பக்கமும், ஈறும்.

கண்ணை நம்புவதைவிடக் கருவியை நம்பலாம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். பெரியவர்களின் கிளிப் குழந்தைக்குச் சரிவராது. மருத்துவமனையில் சின்னப் பட்டையாக, சிவப்பு விளக்கு மினுங்க, உள்ளங்காலைச் சுற்றி ஒட்டுவார்கள்.

பிறந்து ஒரு நாள் ஆனதும், வீட்டுக்குப் போகும் முன், வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் அளக்க வேண்டும். ஏன் வலது கை? வலது கைக்குப் போகும் ரத்தக்குழாய், டக்டஸ் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தம் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் டக்டஸ் வழியாகக் கலப்பு இருக்கிறதா என்று தெரியும். இரண்டும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. எதிலாவது 90-க்குக் கீழே என்றால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். சில நிமிட வேலை. ஆனால் எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் தாமாகச் செய்வதில்லை. நீங்கள் கேட்க வேண்டும்: “கையிலயும் காலிலயும் ஆக்சிஜன் பார்த்தீங்களா?”

இந்தச் சோதனையில் எல்லாமே சிக்கிவிடாது. பெருந்தமனி குறுகல் தப்பிவிடலாம். எண் சரியாக இருந்தும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொரு துப்பும் உண்டு. ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் கோளாறு உள்ள குழந்தைக்கு அளவு ஏறும். குழாய் மாறிய குழந்தைக்குப் பெரிதாக ஏறாது. வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்கே போகாதபோது ஃபில்டரை எவ்வளவு நல்லதாக்கினாலும் வீட்டுக்கு என்ன பயன்?

யாரால் வந்தது?

இந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் அம்மாவின் பக்கம் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், ஐந்தாம் மாதத்தில் அழுதுகொண்டே இருந்தாள். ஒன்றுகூட உண்மையில்லை. குழந்தையின் இதயம் உருவாவது கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களில். நாள் தள்ளிப்போனதை உறுதி செய்வதற்குள்ளேயே பாதி வேலை முடிந்திருக்கும். ஐந்தாம் மாதக் கிரகணம், கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்தை எப்படி மாற்றும்?

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெளிவான ஒரு காரணம் கிடைப்பதே இல்லை. வாய்ப்பைக் கூட்டும் சில விஷயங்கள் தெரியும்: கர்ப்பத்துக்கு முன்பே இருந்து கட்டுப்படாத சர்க்கரை நோய், ஆரம்பத்தில் வரும் ரூபெல்லா அம்மை, வலிப்புக்கும் முகப்பருவுக்கும் தரும் சில மருந்துகள், நெருங்கிய சொந்தத்தில் திருமணம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறையும் இருக்கும்.

தனித்தனியே அரியவை என்றாலும் சேர்த்துப் பார்த்தால் இவை அரியவை அல்ல. ஆயிரம் பிறப்புக்கு எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கிறது. அதில் நான்கில் ஒரு பங்கு, முதல் வருடத்துக்குள் சிகிச்சை தேவைப்படும் கடுமையான வகை.

எங்கே போவது, எதைக் கையில் வைத்திருப்பது

வயிற்றில் இருக்கும்போதே கண்டுபிடிப்பதுதான் மிக நல்லது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தையும் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் வயிற்றுக் குழந்தைக்கே தனியாக எக்கோ எடுக்கலாம். குறை உறுதியானால், இதய ஆபரேஷன் வசதியுள்ள ஊரிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்ற வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடலாம்.

பெங்களூரில் மாநில அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா. ஒயிட்ஃபீல்டில் உள்ள சத்ய சாயி உயர் மருத்துவ நிலையம் 2001-இலிருந்து இதயச் சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்கிறது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டம், பிறப்பிலிருந்து 18 வயது வரை பிறவி இதயக் குறைகளையும் உள்ளடக்குகிறது. உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் மாவட்ட மையத்துக்கு வழிகாட்டுவார்கள். பணம் இல்லை என்று யாரும் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்று கேட்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் வருகை நிற்காது. வருடக்கணக்கில் எக்கோ எடுக்க வேண்டும். பல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வாயிலுள்ள கிருமி ரத்தம் வழியே இதயத்தில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். அடுத்த கர்ப்பத்தின்போது முதல் குழந்தையின் விவரத்தைச் சொல்லி, வயிற்றுக் குழந்தைக்கு எக்கோ கேளுங்கள். தடுப்பூசி எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் அந்த ஃபைல். என்ன குறை, என்ன ஆபரேஷன், என்றைக்கு என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளை லேமினேட் செய்யாதீர்கள், மேலே முத்திரை வைக்க முடியாது. நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தால், அங்கே ஓடிவரும் டாக்டர் முதலில் கேட்பது “என்ன ஆபரேஷன்?” என்றுதான். அப்போது “ஹார்ட்ல ஓட்டை, அடைச்சிட்டாங்க” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பாட்டி அந்த வெள்ளைத்தாள் படத்தையும் டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறார். செக்அப்புக்கு வரும்போது முதலில் அதைத்தான் எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.